பெயரும் உறவும்: கித்தார் கற்கும் முறை பற்றி ஒரு திறனாய்வு

ஞாயிறு திருப்பலிக்கு முன்னர் நடைபெறும் பாடற்குழுப் பயிற்சியில் நாம் பலமுறை கண்டிருக்கும் காட்சி ஒன்று உண்டு. வருகைப் பாடலை டி சுருதியில் எடுக்கின்றனர். இரண்டாம் அடியிலேயே உச்சத்தை எட்ட இயலாமல் குரல்கள் தடுமாறுகின்றன. "சற்று இறக்கிக் கொள்ளலாமே" என்கிறார் ஒருவர். கித்தார் வாசிக்கும் இளைஞரின் முகம் வாடிவிடுகிறது. அவர் கையிலுள்ள தாளில் டி, பி மைனர், ஜி, ஏ என்று கார்டுகளின் பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. அவற்றை விட்டால் அவருக்கு வேறு வழி தெரியாது. கழுத்தில் பூட்டும் கேப்போவும் சுருதியை உயர்த்துமேயன்றி இறக்காது. முடிவில், குரலுக்குத் துணையாக வந்த கருவி குரலை ஆள்கிறது. மக்கள் வருந்திப் பாடுகின்றனர், அல்லது வாளாவிருக்கின்றனர்.

குறை அந்த இளைஞருடையதன்று. அவர் கற்ற முறையினுடையது. சுரங்களையும் கார்டுகளையும் தனித்தனிப் பெயர்களாக மனனம் செய்விக்கும் முறை அது. இதற்கு மாற்றாக, ஆதார சுரத்தை 1 எனக் கொண்டு, மற்றவற்றை அதிலிருந்து 2, 3 என்று 7 வரை எண்ணும் முறை ஒன்று உண்டு. டி, பி மைனர், ஜி, ஏ என்பது அம்முறையில் 1, 6, 4, 5 ஆகும். சுருதியை சி-க்கு இறக்கினால் அதே எண்கள் சி, ஏ மைனர், எஃப், ஜி ஆகின்றன. பன்னிரண்டு சுருதிகளுக்குப் பன்னிரண்டு பாடங்கள் வேண்டியதில்லை; ஒரு பாடமே போதும்.

இது புதுமையன்று. பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆசிர்வாதப்பர் சபைத் துறவி அரெஸ்ஸோ நகர் குய்தோ, பாடகர்கள் ஒவ்வொரு பாடலையும் ஆசிரியர் வாய் கேட்டே ஆண்டுக்கணக்கில் மனனம் செய்யும் நிலை கண்டு வருந்தினார். புனித திருமுழுக்கு யோவானைப் போற்றும் இலத்தீன் கீதம் ஒன்றில் முதல் ஆறு அடிகளும் படிப்படியாக ஒவ்வொரு சுரம் உயர்ந்து தொடங்குவதை அவர் பயன்படுத்திக் கொண்டார். அவ்வடிகளின் முதல் அசைகளே உத், ரே, மி, ஃபா, சொல், லா. மி-க்கும் ஃபா-வுக்கும் இடையே அரைச்சுரம் என்பதை உணர்ந்த மாணவன், அந்த உறவு எங்கு வரினும் அதனை இனங்காண்பான். பத்தாண்டுகளிலும் நிரம்பாத கல்வி ஓரிரு ஆண்டுகளில் கைகூடும் என்று அவர் தம் உடன்துறவிக்கு எழுதினார். திருத்தந்தை பத்தொன்பதாம் யோவான் அவரை உரோமைக்கு அழைத்து அம்முறையைக் கேட்டறிந்தார்.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்து ஒலிப்பதிவுக் கூடங்களிலும் இதே தேவை எழுந்தது. பாடகரின் குரலுக்கேற்பச் சுருதி நொடியில் மாறும். மீண்டும் எழுத நேரமிராது. 1950களின் பிற்பகுதியில் ஜார்டனேர்ஸ் குழுவைச் சேர்ந்த நீல் மேத்யூஸ் எண்களால் குறிக்கும் முறையொன்றை வகுத்தார். சார்லி மெக்காய் முதலிய கலைஞர்கள் அதனைக் கார்டுகளுக்கு விரிவாக்கினர். மடத்தில் பிறந்த சிந்தனையும் கூடத்தில் பிறந்த சிந்தனையும் ஒன்றே: பாடுவோனுக்காக இசை இடம் பெயர வேண்டும்.

தமிழருக்கோ இது தாய்வீட்டுச் சொத்து. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன நிலைகளின் பெயர்கள். ஏழு நரம்புகளுள் வேறொன்றைக் குரலாகக் கொண்டால் வேறொரு பாலை பிறக்கும். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு கன்னியரை நிறுத்தி இப்பெயர்களையே சூட்டுகிறாள். நம் உறவு முறையும் இத்தகையதே. ஒருவரே ஒருவர்க்கு அண்ணன், மற்றொருவர்க்கு மாமன். ஏ என்னும் சுரமும் சி வீட்டில் ஆறாமவர். ஜி வீட்டில் இரண்டாமவர். டி வீட்டில் ஐந்தாமவர். ச ரி க ம பயின்ற செவியுடைய பிள்ளைக்கு எழுத்துப் பெயர்களை மட்டும் புகட்டுவது, கற்றதை மறக்கச் செய்வதாகும்.

கித்தாரின் அமைப்பும் இம்முறைக்கு இசைவானது. பியானோவில் சுருதி மாறினால் வெள்ளை, கறுப்புக் கட்டைகளின் அமைப்பும் மாறும். கித்தாரில் ஒரு மெட்டு ஓர் அரைச்சுரம். திறந்த தந்தி கலவாத விரலமைப்பை அப்படியே நகர்த்தினால் சுருதியும் நகர்ந்துவிடும். தந்தி விட்டுத் தந்தி தாண்டும்போது ஓரிடத்தில் மட்டும் கவனம் வேண்டும்: ஜி, பி தந்திகளுக்கிடையே உள்ள தொலைவு மற்றவற்றினும் ஓர் அரைச்சுரம் குறைவு.

ஆயினும் இம்முறையைக் குறையற்றதென்று நாம் கூறோம். 1 எங்குள்ளது என்று அறியப் பெயர் வேண்டும். மேலைக் குறியீட்டு ஏட்டைப் படிக்கவும் பெயர் வேண்டும். மைனர் பாடலின் ஆதாரத்தை 1 என்பதா, 6 என்பதா என்பதில் வாசிப்போரிடையே வேறுபாடு உண்டு. முன்பே பேசி முடிவு செய்யாவிடில் குழப்பமே மிஞ்சும். எல்லா விரலமைப்பும் எண்ணளவில் சமமெனினும் விரலளவில் சமமன்று: ஈ கார்டில் திறந்த தந்திகள் முழங்கும், எஃப் கார்டில் ஒரே விரல் ஆறு தந்திகளையும் அழுத்தித் தொடக்க மாணவனை வாட்டும்.

இவற்றினும் பெரிய இடர் ஒன்று உண்டு. குய்தோவின் அசைகளே பிற்காலத்தில் பிரான்சு, இத்தாலி முதலிய நாடுகளில் நிலையான சுரங்களின் பெயர்களாக இறுகிவிட்டன. உறவைச் சுட்டிய சொல் வெறும் பெயராயிற்று. எண்களுக்கும் இக்கதி நேரலாம். 4 என்றதும் அதன் ஒலி நெஞ்சில் எழாது, விரல் மட்டும் ஓடுமாயின், பழைய மனனத்துக்குப் புதிய சட்டை அணிவித்தவர்களாவோம். எனவே வாசிக்குமுன் பாடவேண்டும். 1 பாடி 5 பாடி, அவற்றிடையே உள்ள உறவைச் செவி அறிந்த பின்னரே விரல் தொடவேண்டும். பெயர்களைப் பிறகு கற்கலாம், கற்கவும் வேண்டும்.

1963-இல் வெளியான திருவழிபாடு பற்றிய சங்க ஏடு பிற இசைக்கருவிகளுக்கும் ஆலயக் கதவைத் திறந்தபோது, மக்களின் முழுமையான பங்கேற்பையே பெரிதாக வலியுறுத்தியது. கடைசி இருக்கையில் அமர்ந்திருக்கும் மூதாட்டியின் குரல் எட்டும் உயரத்திற்குக் கித்தார் இறங்கி வர இயலுமா என்பதே, நம் பாடற்குழுக்களின் பயிற்சி முறைக்கு நாம் வைக்கும் உரைகல்.