சூழலியல் பெண்ணியமும் காஞ்சிப் பட்டும்

பெண்ணை ஒடுக்கும் அதிகாரமும் இயற்கையைச் சுரண்டும் அதிகாரமும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை என்பது சூழலியல் பெண்ணியத்தின் அடிப்படைக் கருத்து. பிரெஞ்சு எழுத்தாளர் பிரான்சுவாஸ் தோபோன் 1974-இல் இச்சொல்லை அறிமுகப்படுத்தினார். வந்தனா சிவா 1988-இல் எழுதிய நூலும், மரியா மீஸுடன் இணைந்து 1993-இல் வெளியிட்ட நூலும் இதை இந்தியாவில் பரவலாக்கின. பெண் இயற்கைக்கு நெருக்கமானவள், ஆகவே அதன் இயல்பான காவலர் என்னும் எண்ணம் இக்கோட்பாட்டின் ஒரு கிளையில் வலுவாக உண்டு. கோயிலும் தறியும் நிறைந்த காஞ்சிபுரத்தில் அவ்வெண்ணத்தை உரசிப் பார்க்கலாம்.

வழிபாடும் ஆறும்

காஞ்சித் தல மரபில், அம்மை கம்பையாற்றங்கரையில் மாமரத்தடியில் மணலால் லிங்கம் அமைத்து வழிபடுகிறாள். வெள்ளம் பெருகியபோது அதைத் தழுவிக் காக்கிறாள். ஏகாம்பரநாதர் கோயில் பஞ்சபூதத் தலங்களுள் நிலத்துக்குரியது. பெண், மண், மரம், நீர் எல்லாம் ஒரே கதையில் கூடுகின்றன. ஆனால், கம்பையாகக் கருதப்படும் வேகவதி ஆறு இன்று ஆக்கிரமிப்பாலும் கழிவுநீராலும் நலிந்துள்ளது. பெண்ணையும் இயற்கையையும் ஒன்றாக வணங்குவது மட்டும் இரண்டில் எதையும் காப்பதில்லை.

கணக்கில் வராத உழைப்பு

நூல் இழைத்தல், தார் சுற்றுதல், பாவு பிணைத்தல், கோர்வை நெசவில் கரைக்குரிய நாடாவைத் தள்ள உடன் அமர்தல் எனப் பட்டுச்சேலையில் பெண்களின் உழைப்பு நிறைந்துள்ளது. கூலியோ சேலைக் கணக்கில் வருகிறது. துணைவேலை வீட்டுவேலையோடு கலந்து மறைகிறது. ஆந்திரத்தின் நர்சாபூரில் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் 1982-இல் வெளியிட்ட ஆய்வு, உலகச் சந்தைக்கு உழைத்தும் அவர்கள் இல்லத்தரசிகளாகவே எண்ணப்பட்டதைக் காட்டியது. காஞ்சிபுரத்துக்கும் இது பொருந்தும்.

புழுவும் நெசவாளியும்

அறுபடாத நீள இழை பெற, அந்துப்பூச்சி வெளிவருமுன் கூட்டுக்குள்ளேயே புழு வெப்பத்தால் கொல்லப்படுகிறது. இதனால் காஞ்சி மகாபெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி, பட்டைத் துறக்குமாறு பெண்களைக் கேட்டுக்கொண்டார். உயிர் இரக்கத்தின் வட்டத்தைப் புழு வரை விரித்தது இதன் சிறப்பு. எனினும், துறக்கும் பொறுப்பு உடுத்துபவள்மேல் விழுகிறது. பட்டு விலகினால் தார் சுற்றுபவளின் அடுப்பு என்னாகும் என்ற கேள்வி எஞ்சுகிறது. பூச்சி வெளியேறிய பின் எடுக்கும் அகிம்சைப் பட்டில் இழை அறுபட்டிருப்பதால் அதை நூற்கவே வேண்டும். அது காஞ்சிப் பட்டின் வழவழப்புக்கு எளிதில் ஈடாகாது.

மதிப்பீடு

பொருளியலாளர் பீனா அகர்வால் 1992-இல் எழுதிய கட்டுரையில் இக்கோட்பாட்டை விமர்சித்தார். பெண்ணுக்கும் இயற்கைக்கும் உள்ள உறவு பிறவிக் குணத்தால் அல்ல. வர்க்கம், சாதி, சொத்து, வேலைப் பிரிவினை ஆகியவற்றால் அமைகிறது என்பது அவர் வாதம். காஞ்சி அதை உறுதிசெய்கிறது. பசை நீக்கவும் சாயமேற்றவும் பட்டுக்கு மிகுந்த நீர் வேண்டும். அக்கழிவுநீர் கிணற்றைக் கெடுத்தால், குடத்துடன் தொலைவு நடப்பவள் நீரை நேசிப்பதால் நடப்பதில்லை. வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவருவது அவள் வேலையாக்கப்பட்டிருப்பதால் நடக்கிறாள்.

எனவே, பெண்ணை இயற்கையின் உருவமாகப் போற்றுவதைவிட, அவள் வேலைக்குத் தனிக் கூலியும் சாயநீருக்குச் சுத்திகரிப்பும் கேட்கும்போதே சூழலியல் பெண்ணியம் வலுப்பெறுகிறது. புழு, ஆறு, பெண்ணின் கை ஆகிய மூன்றையும் ஒரே கணக்கில் வைக்கச் சொல்லும் துணிவே அதன் பங்களிப்பு. ஒன்றுக்கான இரக்கத்தை மற்றொன்றின் தலையில் சுமத்தாதிருப்பதே அது கடக்கவேண்டிய சோதனை.