‘நோபிள்’ என்னும் சொல்லும் சான்றாண்மையும்

ஆங்கிலத்தில் உயர்பண்பைக் குறிக்கும் சொற்களுள் ‘நோபிள்’ என்பது ஒன்று. அதனை ‘உயர்குடிப் பிறந்த’ எனவும் ‘பெருந்தன்மை வாய்ந்த’ எனவும் தமிழிற் பெயர்ப்பர். முன்னது பிறப்பைச் சுட்டும். பின்னது பண்பைச் சுட்டும். இவற்றை வேறுபாடின்றி ஆளுதல் பொருந்துமா என்பதே இங்கு ஆராயப்படுவது.

இச்சொல்லின் மூலம் இலத்தீனில் ‘நோபிலிஸ்’ ஆகும். அறிதற் பொருள்தரும் வினையடியாகப் பிறந்த அது, முதற்கண் ‘அறியப்பட்டவன்’, ‘பெயர் பெற்றவன்’ என்றே பொருள்பட்டது. உரோமரிடையே அவ்வாறு பெயர் பெற்றவை உயர்பதவி வகித்த குடும்பங்களே. எனவே புகழ் குடிப்பிறப்பாயிற்று. குடிப்பிறப்புக்குரியதாகக் கருதப்பட்ட பண்பும் பின்னர் அப்பெயரையே பெற்றது.

தமிழ்ச் சொல்லின் அடிப்படை வேறு. ‘சால்’ என்பது நிறைதலைக் குறிக்கும், நிறைந்தவன் சான்றோன். புறநானூற்று 312ஆம் பாடலில் இச்சொல்லுக்கு வீரன் எனப் பொருள் கொள்வாரும் உளர். வள்ளுவரோ 99ஆம் அதிகாரத்தில் வாய்மை, கண்ணோட்டம், ஒப்புரவு, நாண், அன்பு என்பவற்றைச் சால்பின் தூண்களாக்கினார். குடிமைக்கெனத் தனி அதிகாரம் வகுத்த அவரே, ஒழுக்கமுடைமையில் ஒழுக்கத்தையே குடிமை எனக் கொண்டமை நோக்கற்பாலது.

இவ்வேறுபாட்டின் இன்றியமையாமையைக் கண்டிச் சீமையின் தமிழ் வழக்கு தெளிவுறுத்தும். தெலுங்கு வழிவந்த ‘துரை’ என்னும் சொல் தோட்டங்களில் வெள்ளை அதிகாரிக்கு உரியதாகிப் பெரிய துரை, சின்ன துரை எனப் பதவிப் பெயராய் நிலைத்தது. ஆயினும் அது பண்பைக் குறிக்கும் சொல்லாக வளரவில்லை. வீண்மிடுக்குக் காட்டுவோனை ‘நீ பெரிய துரையோ?’ எனக் கேட்கும் எள்ளலே பேச்சில் எஞ்சியது. அதிகாரத்துக்கு அஞ்சிய மக்களும் அதனை உயர்பண்பெனக் கொண்டிலர்.

ஸி. வி. வேலுப்பிள்ளை 1954இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நெடுங்கவிதை, சக்தீ பால ஐயாவின் தமிழாக்கத்தில் ‘தேயிலைத் தோட்டத்திலே’ எனப் பெயர் பெற்றது. தேயிலைச் செடியின் அடியில் நினைவுச் சின்னமுமின்றிப் புதையுண்ட உழைப்பாளர்க்காக அது இரங்குகின்றது. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அம்மக்களுட் பெரும்பாலார் நாடற்றோராயினர். ‘அறியப்பட்டவன்’ என்னும் மூலப்பொருளே அளவுகோலாயின், பெயரும் உரிமையும் மறுக்கப்பட்ட இவர்க்கு அச்சொல்லில் இடமில்லை. சால்பு அளவுகோலாயின், அவர்தம் உழைப்பும் ஒப்புரவுமே சான்றாகும்.

ஆதலின், குலத்தைச் சுட்டுமிடத்து ‘உயர்குடி’ எனவும், பண்பைச் சுட்டுமிடத்துச் ‘சான்றாண்மை’ எனவும் பிரித்தாளுதலே தக்கது. இரண்டையும் ஒன்றாக்கும் மொழிபெயர்ப்பாளர், மூலநூலாசிரியர் கூறாத குலப்பெருமையைத் தம்மையறியாமலே தமிழிற் புகுத்துவோராவர்.