எஸ்30: ஒரு பழைய ஃபேர்லேடியை மீட்டெடுக்கும் கலை

நிசான் ஃபேர்லேடி இசட் 1969 அக்டோபரில் ஜப்பானில் அறிமுகமானது. அமெரிக்காவுக்கு அது டட்சன் 240 இசட் என்ற பெயரில் போனது. அங்கே அதன் தொடக்க விலை 3,526 டாலர். நீண்ட பானட், பின்னே தள்ளி அமைந்த இரண்டு இருக்கைகள், சரிந்து இறங்கும் முதுகு கொண்ட இந்த உருவத்தை யோஷிஹிகோ மாட்சுவோ தலைமையிலான குழு வரைந்தது. அமெரிக்கக் கிளையின் தலைவராக இருந்த யுடாகா காடயாமா, இப்படியொரு கார் வேண்டும் என்று தலைமையகத்தை விடாமல் வற்புறுத்தியவர். எஸ்30 என்ற குறியீடு கொண்ட இந்த உடல் 1978 வரை உற்பத்தியில் இருந்தது. 5 லட்சத்துக்கும் அதிகமான கார்கள் விற்றன. டொயோட்டா 2000ஜிடி, மாஸ்டா காஸ்மோ ஸ்போர்ட் போன்றவை எண்ணிக்கையில் மிகக் குறைவு. அவற்றை மீட்டெடுப்பது அருங்காட்சியக வேலைக்கு நெருக்கமானது. எஸ்30 அப்படியல்ல. ஏராளமாக விற்று, ஏராளமாகத் துருப்பிடித்து, பல நாட்டுப் பட்டறைகளில் பல தலைமுறைக் கைகள் பட்ட கார் அது. பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்களை மீட்டெடுக்கும் கலையைக் கற்க இதைவிடப் பொருத்தமான கார் இல்லை.

புதிதாக இதில் இறங்குபவர் முதலில் எஞ்சினைப் பற்றித்தான் கவலைப்படுவார். அந்தக் கவலைக்கு அவசியமே இல்லை. 2,393 சிசி கொள்ளளவும் வரிசையாக ஆறு சிலிண்டர்களும் கொண்ட எல்24 எஞ்சின், வார்ப்பிரும்பு பிளாக்கும் அலுமினிய ஹெட்டும் சங்கிலியால் சுழலும் ஒற்றை கேம்ஷாஃப்டும் உடையது, முரட்டுத்தனமான உழைப்பாளி. பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட் எல்லாம் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. மீட்டெடுப்பவரைச் சோதிப்பவை தகடும் ரப்பரும் கைக்குள் அடங்கும் சின்னஞ்சிறு பாகங்களும்தான்.

எஸ்30-க்குத் தனியாக சேசிஸ் கிடையாது. தகடுகளைப் புள்ளிப்புள்ளியாக வெல்டிங் செய்து இணைத்த உடலே சுமையைத் தாங்குகிறது. அக்காலத் துருத்தடுப்பு எளிமையானது, தகடும் மெல்லியது. அதனால் இந்தக் காரில் துரு உயிர்நாடியைத் தொடும் நோய். அதற்கு வழக்கமான பாதைகள் உண்டு. முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத் துவாரப் பள்ளத்தில் இலைச்சருகு சேர்ந்து வடிகால் அடைபட்டால், தண்ணீர் முன் மட்கார்டின் பின்முனைக்குள் தேங்கி, அங்கிருந்து கதவுக்கடி உத்தரத்தைத் தின்னும். பேட்டரித் தட்டில் கசியும் அமிலம் தட்டோடு நிற்காது, அதற்கு நேர் கீழே ஓடும் உத்தரத்தையும் அரிக்கும். பின்கதவுப் பீடிங் காய்ந்து சுருங்கினால் மழைநீர் ஸ்டெப்னி குழிக்குள் இறங்கும். வாங்குமுன் பார்க்க வருபவர் தரைவிரிப்பை உயர்த்தி, பேட்டரித் தட்டுக்கடியில் விரலை விட்டுப் பார்த்தாலே பாதித் தீர்ப்பு கிடைத்துவிடும். பளபளக்கும் பெயின்டுக்கு அடியில் பட்டி எவ்வளவு கனமாக அப்பியிருக்கிறது என்பதைக் காந்தம் சொல்லும்.

தகட்டு வேலையில் தேர்ச்சி என்பது பெரும்பாலும் பொறுமை. அரித்த உத்தரத்தை வெட்டி எடுக்குமுன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து உடலை இறுக்கிப் பிடித்தாக வேண்டும். அந்தப் படியைத் தாண்டிப் போன கார் நடுவில் தொய்யும்; பிறகு எந்தக் கதவும் நேராக மூடாது. மணல் பீய்ச்சித் துருவை நீக்குவது பல இடங்களுக்கு நல்லதுதான். ஆனால் பானட், கதவுத் தோல் போன்ற அகன்ற தகடுகளில் அது நெளிவை உண்டாக்கும். அவற்றுக்கு ரசாயனக் கரைப்பானோ மென்மையான துகளோதான் ஏற்றது. பழைய வெல்டிங் புள்ளிகளைத் துளையிட்டுப் பிரித்து, புதுத் தகட்டைத் தொழிற்சாலை வைத்த அதே இடைவெளியில் புள்ளி வைத்து இணைப்பவரே நல்ல டிங்கர். காரை லிஃப்டில் ஏற்றி அடியில் விளக்கடித்துப் பார்த்தால், வெல்டிங் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று தெரியாத வேலை ஒன்று உண்டு. இந்தக் கலையின் உச்சம் அதுதான்.

பாகங்களைக் கழற்றும் கட்டத்தில் ஒரு சிறு கருவி பெரிய வித்தியாசம் செய்கிறது. ஜப்பானியக் கார்களில் உள்ள கூட்டல்குறி ஸ்குரூக்கள் பிலிப்ஸ் வகை போலத் தோன்றினாலும் ஜப்பானியத் தர அளவில் வெட்டப்பட்டவை. சாதாரண பிலிப்ஸ் ஸ்குரூடிரைவர் அவற்றில் முழுதாக உட்காராது; அழுத்தித் திருப்பினால் வழுக்கி, தலையைச் சிதைக்கும். கார்ப்பரேட்டர் மூடிகளிலும் கதவுப் பூட்டுகளிலும் மழுங்கிப்போன ஸ்குரூத் தலைகளைக் கண்டால், முன்பு வேலை செய்தவர் எந்தக் கருவியை எடுத்தார் என்பது புரிந்துவிடும். ஜப்பானிய அளவு ஸ்குரூடிரைவர் செட் ஒன்று வாங்குவது இந்தத் தொழிலின் முதல் செலவாக இருக்க வேண்டும்.

கழற்றுவதில் பேர்போன பகைவன் பின்சக்கரத்தின் ஸ்பிண்டில் பின். பின் ஸ்ட்ரட்டின் அடிப்பகுதியை கீழ்க்கையோடு இணைக்கும் நீண்ட இரும்புக் கம்பி அது. ஐம்பது ஆண்டு ஈரத்தில் வார்ப்போடு ஒட்டிப்போய், சுத்தியலுக்கும் தீச்சுடருக்கும் அசையாமல் நிற்கும். ஆத்திரத்தில் அடித்தால் மரை நசுங்கும், வார்ப்பும் உடையலாம். இதற்கென்றே தனி இழுவைக் கருவிகள் பிறந்தன. பல நாள் எண்ணெயில் ஊறவிட்டு, மெல்ல மெல்ல அழுத்தத்தை ஏற்றி, ஒரு சின்ன ‘டக்’ ஒலியோடு அது நகரும் கணத்துக்காகக் காத்திருப்பதே அனுபவசாலியின் வழி.

இனி உதிரிபாகத் தேடல். நிசான் பாகம் ஒவ்வொன்றுக்கும் பத்து இலக்க எண் உண்டு. நடுவே ஒரு கோடு. முன் ஐந்தும் அது என்ன பாகம் என்பதைச் சொல்லும். பின் ஐந்தும் எந்த மாடலுக்கு, எந்த வடிவத்துக்கு என்பதைச் சொல்லும். இ4100 என்பது போன்ற பின்பகுதி 240 இசட் காலத்தைச் சேர்ந்தது. பழகியவர் அட்டைப்பெட்டியின் மேலுள்ள எண்ணைப் பார்த்ததும், உள்ளே இருப்பது ஆரம்பக் காருக்கானதா பிற்காலத்துக்கானதா என்று கணித்துவிடுவார். சில எண்களை நிறுவனமே பின்னாளில் வேறு எண்ணால் மாற்றியது. அந்த மாற்றங்களைத் தொடர்ந்து போனால், கிடைக்காது என்று கைவிட்ட ஒரு பாகம் வேறு பெயரில் எங்கோ ஓர் அலமாரியில் தூங்குவது தெரியவரும். பழைய பாகப் பட்டியல்களை வரிவரியாகப் படிக்கும் இந்த வேலையில், துப்பறிபவரின் இன்பம் உண்டு.

எண்ணைத் தெரிந்துகொள்வது ஏன் அவசியம் என்றால், வெளிப்பார்வைக்கு ஒன்றே போலத் தோன்றும் 240 இசட் கார்கள் உள்ளே ஒன்றல்ல. ஆரம்பக் கார்களின் பின்கதவுத் தகட்டில் காற்றுத் துவாரங்கள் உண்டு. 1971-இல் அவை பக்கத் தூண்களுக்கு இடம் மாறின. அதே ஆண்டின் நடுவில் டிஃபரன்ஷியலையும் 35 மில்லிமீட்டர் பின்னே நகர்த்தினார்கள். அதற்கேற்பத் தாங்கிகளும் மாறின. ஒரு காரின் பிறப்புச் சான்று எஞ்சின் அறையிலுள்ள தகடு: மாடல், எஞ்சின் எண், கார் எண் மூன்றும் அதில் பொறித்திருக்கும். பிளாக்கில் குத்திய எண் அதோடு பொருந்துவது அரிதாகி வருகிறது. இதே வரிசையில் பின்னர் வந்த 280 இசட்டின் 2,753 சிசி எல்28 எஞ்சின் அதே தாங்கிகளில் சிரமமின்றி உட்காரும் என்பதால், பலர் சொந்த எஞ்சினை எடுத்துப் போட்டுவிட்டார்கள்.

உலர்ந்த பாலைவனப் பகுதிகளான அரிசோனா, தென் கலிஃபோர்னியா ஆகியவற்றின் பழைய கார்களே நல்ல தகட்டுக்கு ஊற்று. ஆனால் அதே வெயில் அவற்றின் டேஷ்போர்டைப் பிளந்திருக்கும். ஜப்பானில் நிலைமை வேறு. அங்கே ‘ஷாக்கென்’ எனும் கட்டாயப் பரிசோதனை 2 ஆண்டுக்கு ஒருமுறை. பதிவாகி 13 ஆண்டைக் கடந்த பெட்ரோல் காருக்கு வரியும் கூடும். இந்தச் செலவைத் தாங்கிப் பழைய காரை வைத்திருப்பவர் உண்மையான காதலராகத்தான் இருப்பார். ஆகவே ஜப்பானிலிருந்து வரும் பாகங்கள் பெரும்பாலும் பராமரிப்பின் வாசனையோடு வருகின்றன. யோகோஹாமாவில் நடக்கும் ‘நோஸ்டால்ஜிக் 2 டேஸ்’ கண்காட்சியில் பழைய கார்களோடு அவற்றுக்கான பாகங்களையும் கடை பரப்புகிறார்கள். 1971-இல் வந்த 240 இசட்ஜி காரின் நீட்டிய மூக்கு, ரிவெட் அடித்த மட்கார்டு விரிப்புகள் ஆகியவற்றுக்கு எப்போதும் ஆள் உண்டு. எஸ்20 எஞ்சினோடு சுமார் 420 மட்டுமே உருவான இசட்432-இன் பாகம் வெளியே வந்தால் அது கைமாறும் விலை வேறு உலகத்தைச் சேர்ந்தது.

சில பாகங்கள் அரிதானதற்கு அன்றைய ரசனையே காரணம். 240 இசட் கார்களில் ஹிட்டாச்சி தயாரித்த இரட்டை எஸ்யூ வகைக் கார்ப்பரேட்டர்கள் இருந்தன. 1970 முதல் 1972 வரையிலான உருண்டைத் தலை வகை எளிமையானது. இரண்டையும் ஒரே அளவு காற்று இழுக்கும்படி சமன்செய்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் அடங்கி நடக்கும். 1973-இல் புகைக் கட்டுப்பாட்டுக்காக வந்த தட்டைத் தலை வகை வெப்பத்தில் பிடிவாதம் பிடித்தது. உரிமையாளர்கள் அதைக் கழற்றி வீசிவிட்டு உருண்டைத் தலைக்கு மாறினார்கள். இன்று 1973 மாடலை அச்சுப்பிசகாமல் மீட்டெடுக்க நினைப்பவர், அன்று குப்பைக்குப் போனதைத் தேடி அலைகிறார். மூன்று மிகுனி-சோலெக்ஸ் கார்ப்பரேட்டர்களை வரிசையாக மாட்டுவது வேறொரு மரபு. அவை காற்றை உறிஞ்சும் ஓசை மயக்கக்கூடியது என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் தெருவில் ஓடும் காருக்கு, நன்றாகச் சமன்செய்த இரட்டை எஸ்யூவே மேல்: குறைந்த சுழற்சியிலும் குலுங்காது, பெட்ரோலையும் வீணாக்காது.

ரப்பர் வேலையில் அலட்சியம் ஆபத்து. பின்கதவுப் பீடிங்கும் பின்விளக்குக் கேஸ்கெட்டும் கெட்டிருந்தால், ஓடும்போது பின்னால் உண்டாகும் சுழல்காற்று புகைபோக்கியின் புகையைக் காருக்குள் இழுத்துவரும். எஸ்30 ஓட்டியவர்கள் நெடுநாள் சகித்துக்கொண்ட புகை நெடிக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. மறுஉற்பத்தி பீடிங்குகள் கிடைக்கின்றன. ஆனால் சிலவற்றின் ரப்பர் கடினமாகவும் தடிப்பாகவும் இருப்பதால் கதவை அறைந்து மூட வேண்டிவரும். அனுபவசாலிகள் கண்டுபிடித்த மாற்று வியப்பானது: முதல் தலைமுறை கியா ஸ்போர்டேஜின் கதவுப் பீடிங். மென்மையாக அமர்ந்து, கதவு இயல்பாக மூடும். பிரேக்கிலும் இத்தகைய அறிவு உண்டு. டொயோட்டாவின் பிக்கப் வண்டிகளில் வரும் நான்கு பிஸ்டன் காலிப்பர் 240 இசட்டின் முன்சக்கரத் தாங்கியில் பொருந்திவிடுகிறது. பட்டியல் எதிலும் இல்லாத இந்த உறவுகளைப் பட்டறைக்காரர்கள் கையால் தடவியே கண்டறிந்தார்கள்.

பூச்சில்தான் ரசனை வெளிப்படும், தவறுவதும் இங்கேதான் அதிகம். 918 என்ற எண் கொண்ட ஆரஞ்சு, 907 பச்சை போன்ற தொழிற்சாலை நிறங்களுக்கு அடக்கமான மினுக்கு இருந்தது. தகட்டின் விளிம்பு, மடிப்பு எல்லாம் பெயின்டுக்கடியில் தெரியும். அவற்றின் மேல் கனமான கிளியர் கோட் ஏற்றிக் கண்ணாடிபோல மெருகேற்றினால், கார் சர்க்கரைப் பாகில் முக்கியெடுத்ததுபோல விளிம்புகள் கரைந்து நிற்கும். போல்ட்டுகளுக்கும் சிறு தாங்கிகளுக்கும் நிசான் மஞ்சள் சாயை கொண்ட துத்தநாக முலாம் பூசியது. எல்லாவற்றையும் சுத்தம் செய்து ஒரே தவணையில் முலாமுக்கு அனுப்பினால் சாயை ஒன்றாக அமையும். எஞ்சின் அறையைத் திறந்ததும் பொன்மஞ்சளில் மின்னும் அந்த வரிசை, குரோமியத்தில் மினுக்கும் எதையும்விட அழகு.

நிறுவனங்களும் பிற்பாடு இந்தப் பணிக்கு வந்தன. 1990-களின் பிற்பகுதியில் நிசானின் அமெரிக்கக் கிளை பழைய 240 இசட்களை வாங்கிப் புதுப்பித்து 24,950 டாலருக்கு விற்றது. கைவேலையின் செலவு மிகுதியால் எண்ணிக்கை நாற்பதை ஒட்டி நின்றுபோனது. பின்னர் நிசானின் பந்தயப் பிரிவான நிஸ்மோ 2017-இல் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்32-க்கும், டொயோட்டா 2020-இல் சூப்ரா, 2000ஜிடி ஆகியவற்றுக்கும் நின்றுபோன பாகங்களை மறுபடி செய்யத் தொடங்கின. மாஸ்டா தன் முதல் ரோட்ஸ்டருக்கு, பிரிட்ஜ்ஸ்டோனோடு சேர்ந்து அந்தக் காலத்து எஸ்எஃப்325 டயர் வரை மீண்டும் கொண்டுவந்தது. நிசானின் அட்சுகி தொழில்நுட்ப மையத்தில் ஊழியர்கள் தன்னார்வமாகப் பழைய பந்தயக் கார்களை மீட்டெடுக்கிறார்கள். 1971 கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியை வென்ற 240 இசட் அவர்கள் கைபட்ட கார்களில் ஒன்று. ஆயினும் சாலையில் ஓடும் எஸ்30-இன் பெரும்பாலான தேவைகளைத் தீர்த்துவைப்பவர்கள் இன்றும் சிறு தயாரிப்பாளர்கள்தான்.

மீண்டும் பூட்டியபின் வேலை முடிந்துவிடாது. எஞ்சின் நன்கு சூடேறிய நிலையில் வால்வு இடைவெளியை உள்வழிக்கு 0.25, வெளிவழிக்கு 0.30 மில்லிமீட்டராக வைக்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் அதை மறுபடி சரிபார்த்து, சஸ்பென்ஷன் போல்ட்டுகளைச் சக்கரங்கள் தரையில் பாரத்தோடு நிற்கும்போது இறுக்க வேண்டும். தூக்கிவைத்து இறுக்கினால் புஷ்கள் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். எந்தப் பாகம் பழையது, எது மறுஉற்பத்தி, எங்கே தகடு மாறியது என்ற பதிவைப் படங்களோடும் எண்களோடும் தொகுத்துக் காரோடு வைப்பது நல்ல பட்டறைகளின் வழக்கம். 2020 ஜனவரியில் அமெரிக்க ஏலமொன்றில் குறைந்த தூரமே ஓடிய 1971 மாடல் 240 இசட் 3,10,000 டாலருக்குப் போனது. அது மீட்டெடுத்த கார் அல்ல. அசல் நிலை கலையாமல் பாதுகாத்த கார். அதனால்தான் தேர்ந்த பட்டறைகள் இப்போது பாகத்தை மாற்றுமுன், இருப்பதையே சுத்தம் செய்து மறுபடி மாட்ட முடியுமா என்று முதலில் பார்க்கின்றன.