டீத்தூள் வாங்கினால்தான் சர்க்கரை

வல்லக்கோட்டை முருகனைப் பார்க்கப் போனால் வழியெல்லாம் ஷிஃப்ட் பஸ்கள். பக்கத்து வல்லம் வடகாலில், ஃபாக்ஸ்கானில் ஐபோன் செய்யும் பெண்களுக்காக 2024 ஆகஸ்டில் ஒரு விடுதி திறந்தார்கள். 18,720 பேர் தங்கலாம். ஒரு சின்ன டவுன்! இவர்களில் பலருடைய அம்மாக்கள் ஊரில் இன்னும் பட்டன் போன்தான் வைத்திருப்பார்கள். மகளோடு பேசவேண்டும், பேங்க்காரன் அனுப்பும் ஓ.டி.பி. வரவேண்டும். அவ்வளவுதான் தேவை.

போன் வாங்குவதில் நமக்குப் பெரிய வில்லங்கம் இல்லை. முழுப் பணம் கொடுத்தால் பெரும்பாலும் எந்த சிம்மையும் போட்டுக்கொள்ளலாம். விதிவிலக்குகள் உண்டு. 2008-ல் ஐபோன் 3ஜி வந்தபோது 31,000 ரூபாயையும் சுளையாக வாங்கிக்கொண்டு, ஏர்டெல் அல்லது வோடஃபோன் என்று பூட்டியும் கொடுத்தார்கள். (அமெரிக்காவிலாவது ஒப்பந்தம் போட்டால் போன் விலையைக் குறைத்தார்கள்.) 2017-ல் வந்த ஜியோபோன் ஜியோ சிம்மை மட்டும்தான் ஏற்றுக்கொண்டது. மற்றபடி நம்ம ஊரில் பூட்டு ரீசார்ஜில்தான். ரேஷன் கடையில் சர்க்கரை கேட்டால் டீத்தூள் பாக்கெட்டையும் தலையில் கட்டுவார்களே, அதே கதை. இன்டர்நெட்டே திறக்காத போனுக்கு ஜி.பி. கணக்கில் டேட்டா!

2024 டிசம்பரில் ட்ராய் கண்டித்து ஒரு விதி போட்டது. பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள ஒரு பேக்காவது எல்லா கம்பெனியும் தரவேண்டும். நல்ல விஷயம். கம்பெனிகள் என்ன செய்தன தெரியுமா? ஏர்டெல்லில் 84 நாளுக்கு, 6 ஜி.பி.யோடு, 509 ரூபாய்க்கு ஒரு பேக் இருந்தது. டேட்டாவை உருவிவிட்டு 499 என்றார்கள். ஆறு ஜி.பி.யின் மதிப்பு பத்து ரூபாயாம்! விலைகளை ஆராய்வோம் என்று ட்ராய் சொன்னதும் 469 ஆனது. ஜியோவிலும் 458 என்று ஆரம்பித்து 448-க்கு இறங்கினார்கள்.

என் சண்டை விலையோடு அல்ல, நாளோடு. 2025-ல் வந்தபோது இந்த பேக்குகள் 84 நாள் அல்லது ஏறக்குறைய ஒரு வருஷமாக இருந்தன. கையில் ஒரே தடவையாக 469 ரூபாய் இருந்தால்தான் சலுகை என்றார்கள். நூறுநாள் வேலைக் கூலியில் வாழ்கிற அம்மா 28 நாளுக்கு 199 (2024 ஜூலை விலை) என்று மூன்று தடவை கட்டுவாள். மொத்தம் 597. அதே 84 நாளுக்கு, இல்லாதவளுக்கு 128 ரூபாய் அதிகம். செல்லுபடிக் காலத்தின் உச்சவரம்பை 365 நாளாக உயர்த்திய ட்ராய், 28 நாளுக்கும் ஒன்று கொடு என்று ஒரு வரி சேர்த்திருக்கக் கூடாதா?

விடுதியில் இருந்தபடி அம்மாவுக்கு ரீசார்ஜ் செய்கிறவரா நீங்கள்? ஆப்பில் முதலில் கண்ணில் படுவது டேட்டா பேக்காகத்தான் இருக்கும். பொறுமையாகத் தேடுங்கள், வாய்ஸ் பேக் எங்காவது ஒளிந்திருக்கும். புது பட்டன் போன் வாங்கித் தருவதானால் 2ஜியா 4ஜியா என்று கேளுங்கள். 2ஜி போனில் ஜியோ சிம் வேலை செய்யாது.