கவ்வாத்து மலையில் முயற்செவி

பூண்டுலோயாவுக்குப் போகிறவர்கள் டன்சினன் நீர்வீழ்ச்சியைப் பார்க்காமல் திரும்புவதில்லை. பார்க்கத்தான் வேண்டும். ஆனால் என்னை அங்கே மண்டிபோட வைத்தது, கவ்வாத்து வெட்டிய மலையில் கான் ஓரமாக நின்ற ஒரு சாண் செடி. முயற்செவி! தேயிலை மரத்தின் தலை போய், தரையில் வெயில் விழுந்ததும் இது தலைநீட்டிவிடும். ஊதா கலந்த இளஞ்சிவப்பில், சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லாத பூ. அப்பப்பா, என்ன நிறம் அது!

முயற்செவி சேர்ந்த சூரியகாந்திக் குடும்பத்துச் செடிகளை இனங்காண்பது லேசுப்பட்ட வேலையில்லை. அதில் இத்தனை ருசி இருப்பதும் அதனால்தான். ஒரு பூ என்று நாம் நினைப்பது ஒரு பூக்கூட்டம். சூரியகாந்தியில் விளிம்பைச் சுற்றி மஞ்சள் இதழ்கள் விரியும். முயற்செவியில் அவை கிடையாது, எல்லாமே மெல்லிய குழாய்கள். கைலென்ஸை வைத்தால் ஒவ்வொரு குழாயின் வாயும் ஐந்தாகப் பிரிந்திருப்பதும், நடுவில் சூல்முடி இரண்டாகப் பிளந்து சுருண்டிருப்பதும் துல்லியமாகத் தெரியும். பார்க்கப் பார்க்க எழுந்திருக்க மனம் வராது.

அதே கான் ஓரத்தில் ஆபிரிக்காவிலிருந்து வந்த கிராசோசெபாலமும் நிற்கும். அதன் பூ செங்கல் நிறம், தலை தொங்கியிருக்கும். நிறத்தை மட்டும் நம்பி முடிவுகட்டாதீர்கள். பூத்தலையின் அடியைப் பாருங்கள். முயற்செவியில் பச்சைச் செதில்கள் ஒரே வரிசையாக ஒட்டி நின்று குழல்போலத் தெரியும். அதற்குக் கீழே வேறொன்றும் இராது. ஆபிரிக்கச் செடியிலோ அந்த அடியில் பொடிப்பொடியாக இன்னொரு சுற்றுச் செதில் இருக்கும். பக்கத்திலேயே பூக்கும் சீதேவி செங்கழுநீரில் செதில்கள் பல அடுக்கு. சந்தேகம் தீராவிட்டால் இலைக்கு வாருங்கள்: முயற்செவியின் மேலிலைகள் காம்பில்லாமல் தண்டைக் கட்டிப்பிடித்திருக்கும், அடிப்புறம் பெரும்பாலும் ஊதா ஓடியிருக்கும்.

கேரளத்தார் தசபுஷ்பம் என்று போற்றும் பத்தில் முயற்செவியும் ஒன்று, சீதேவி செங்கழுநீரும் ஒன்று. நம் மலைகளில் இரண்டும் புல்லோடு புல்லாகச் சுரண்டப்படுகின்றன. எனக்கு அது பொறுக்கவில்லை. ஒல்லாந்தர் காலத்தில், 1670களில், பால் ஹெர்மன் இலங்கையில் சேகரித்த செடிகளை வைத்துத்தான் லின்னேயஸ் 1747-இல் ‘ஃபுளோரா சைலானிகா’ எழுதினார். 1753-இல் முயற்செவிக்கு அவர் அறிவியல் பெயர் வைத்தபோது அதன் வாழிடங்களில் இலங்கையையும் குறித்தார். லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதோ 1867-இல்! தேயிலை வந்தது, அதைப் பறிக்க நம் முன்னோர் வந்தார்கள், நிழலுக்கும் விறகுக்கும் மரங்கள் வந்தன. முயற்செவியோ அவற்றுக்கெல்லாம் முன்பே இந்த மண்ணில் இருந்தது.

உன்னிப்பாகப் பார்ப்பவர்களைப் பூண்டுலோயா கைவிட்டதில்லை. இங்கே தோட்டத்துரையாக இருந்த எட்வர்ட் ஏர்னஸ்ட் கிரீன், தேயிலையிலும் மற்றச் செடிகளிலும் ஒட்டியிருந்த செதில்பூச்சிகளை ஆராய்ந்தே உலகறிந்த பூச்சியியலாளர் ஆனார்.

போவதென்றால் புல்வெட்டுக்கு முன்பே போய்விடுங்கள். காலை வெயில் ஏறிய பிறகு, கையில் ஒரு லென்ஸோடு. செடியைப் பிடுங்க வேண்டாம். பூத்தலையை இரண்டு விரலால் மெல்லச் சாய்த்து அடியைப் பார்த்தாலே போதும்.