உஷ்ணக் குழாயின் உபகாரம்

ரஞ்சன்குடிக் கோட்டையின் மதில்கள் தென்படும் திருச்சி ராஜபாட்டையில், மார்கழி விடியற்காலையில், காற்றினாலேயே குளிரும் எஞ்சினைப் பின்புறம் தாங்கிய பழைய வோக்ஸ்வாகன் பீட்டில் ஒன்று மிதிக்கு உடனே இணங்காமல் தயங்குமானால், தேர்ந்த மெக்கானிக் கார்புரேட்டரின் திருகாணிகளைத் தொடுமுன் அதன் கீழுள்ள குழாயைத்தான் தொட்டுப் பார்ப்பார்.

பெட்ரோல் ஆவியாகுங்கால் சுற்றியுள்ள உஷ்ணத்தைக் கவர்ந்துகொள்வதால், நடுவிலிருந்து இருபுறத்துச் சிலிண்டர்களுக்கும் நெடுந்தூரம் செல்லும் அந்த உறிஞ்சுகுழாய் குளிர்ந்து வியர்க்கும். ஈரக்காற்றில் உறைபனிகூடப் படியும். ஆவி மீண்டும் துளிகளாகிவிடும். இதைத் தடுக்கவே, வெளியேறும் புகையில் ஒரு பகுதியைத் திருப்பி அதனடியில் ஓடச்செய்யும் சிறு குழாயொன்றை அமைத்தார்கள். வீணாகும் வெப்பத்தையே விநியோகத்துக்கு உதவியாக்கிய அந்தச் சிக்கனம் எவ்வளவு சௌந்தரியமானது!

ஆண்டுக்கணக்கில் படியும் கரி அவ்வழியை அடைத்துவிடுகிறது. குழாயைக் கழற்றி, நடுவிலுள்ள அலுமினிய வார்ப்பைத் தீ அண்டாதவாறு காத்து, எஃகுப் பகுதியைக் காய்ச்சி, முறுக்குக் கம்பியை இருமுனைகளிலிருந்தும் சாவதானமாகச் செலுத்திக் கரியைப் பொடிப்பொடியாக வெளிக்கொணர்வது, அவசரப்படுகிறவர்களுக்கு ஒருபோதும் வசப்படாத வித்தை. சில மாதிரிகளில் ஒருபுறத்துக் கேஸ்கட்டின் துளை சிறிதாயிருக்கும். அந்த ஏற்றத்தாழ்வே புகையை ஓடச்செய்வதாகையால், அதைக் குறையென்று கருதிப் பெரிதாக்கலாகாது. பூட்டியபின் எஞ்சின் சிறிது நேரம் ஓட, இருமுனைகளும் சூடேற வேண்டும். ஒன்று மட்டும் சூடேறினால் மறுபடியும் கழற்ற வேண்டியதுதான்.