டி.வி. ஸ்டாண்டுக்குள் ஒரு முயல்

முயல் கூண்டு என்றால் நாஞ்சில் நாட்டில் நெடுங்காலமாக ஒரே வடிவம்தான். வெல்டு மெஷ் வலையை நாலு பக்கமும் அடைத்து, இரும்புக் கால் வைத்து, கார் நிறுத்தும் இடத்திலோ மொட்டைமாடித் தகரக் கொட்டகைக்குக் கீழோ நிறுத்திவிடுவார்கள். இறைச்சிக்கு வளர்ப்பவர்களுக்காக உண்டான கூண்டு அது. பிள்ளை ஆசைப்பட்டதென்று வாங்கிய ஒற்றை முயலும் அதற்குள்ளேதான் கிடக்கும். இப்போது வேறொரு வடிவம் வருகிறது. டி.வி. ஸ்டாண்டு, டீப்பாய், ஷோகேஸ், ஜன்னலோர இருக்கை என்று ஹால் சாமானின் உருவத்திலேயே முயல் வீடு. செல்போனில் வெளிநாட்டுப் படம் ஒன்றைக் காட்டி, 'இதே மாதிரி வேணும்' என்று கேட்டால் கோட்டாற்று ஆசாரிமார் அச்சு அசலாகச் செய்து கொடுத்துவிடுவார்கள். கைத்திறனில் குறை இருக்காது. படத்தில் உள்ள அந்தப் பெட்டி கோட்டாற்று வீட்டுக்கும், அதற்குள் வாழப்போகும் உயிருக்கும் பொருந்துமா என்பதைத்தான் எடைபோட வேண்டியிருக்கிறது.

இதன் பலத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். பார்க்கச் சகிக்காத கூண்டு வீட்டுக்கு வெளியே போய்விடும். வெளியே போன முயலைத் தீனி வைக்கும் நேரத்தில் மட்டும்தான் பார்ப்பார்கள். முயலோ நோயை மறைக்கும் பிராணி; மற்ற மிருகங்களுக்கு இரையாகும் இனங்களின் இயல்பு அது. அரைநாள் தீனியைத் தொடவில்லை, புழுக்கை போடவில்லை என்றால் குடல் ஓட்டம் நின்றுவிட்டது என்று பொருள். அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோகாவிட்டால் பிழைப்பது கஷ்டம். ஹாலில் இருக்கும் முயலிடம் இந்த மாற்றம் உடனே கண்ணில் படும். மாடியில் இருப்பதிடம் படாது. தெருநாய், கீரி, காட்டுப்பூனை பயமும் வீட்டுக்குள் இல்லை. டிசம்பர் 3 சவேரியார் திருநாள் தொடங்கி கிறிஸ்துமஸ், புத்தாண்டு வரை இந்த ஊரில் கேட்கும் வெடிச்சத்தத்துக்குப் பதுங்க ஓர் இருட்டு மூலையும் கிடைக்கிறது. ஆகவே, அழகாக இருப்பதால் வீட்டுக்குள் இடம் கிடைக்கிறது, இடம் கிடைப்பதால் கவனிப்பு கிடைக்கிறது என்ற வாதத்தை நான் முழுமனதோடு ஏற்கிறேன்.

வீட்டுக்குள் முயல் என்ற கருத்து அமெரிக்காவில் ஓர் இயக்கமாகவே வளர்ந்தது. மாரினெல் ஹாரிமன் 1985-இல் வெளியிட்ட 'ஹவுஸ் ராபிட் ஹேண்ட்புக்' நூலும், 1988-இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட ஹவுஸ் ராபிட் சொசைட்டியும் தோட்டத்துக் கூண்டில் கிடந்த பிராணியை வீட்டு மனிதர்களோடு சேர்த்து நடமாட விட்டன. நடமாட்டம்தான் அதன் உயிர்நாடி. மரச்சாமான் செய்பவர்கள் அந்தக் கருத்தில் 'வீட்டுக்குள்' என்பதை எடுத்துக்கொண்டு 'நடமாட்டம்' என்பதை விட்டுவிட்டார்கள். குறை இங்கேதான் தொடங்குகிறது.

அளவை எடுத்துப் பாருங்கள். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம் என்பது நம் ஹால்களுக்குச் சாதாரணமான டி.வி. ஸ்டாண்டு. உள்ளே கிடைப்பது 6 சதுர அடி. இறைச்சி முயல் வளர்ப்பவர்களுக்கு நம் வேளாண் கையேடுகள் சொல்லும் கணக்கு, வளர்ந்த ஆண் முயலுக்கு 4 சதுர அடி, தாய் முயலுக்கு 5 சதுர அடி. சில மாதங்களில் எடை வைத்து விற்றுவிடப்போகும் குட்டிகளைச் சுற்றி அமைந்த தொழிலின் கணக்கு அது. எட்டுப் பத்து ஆண்டு வாழக்கூடிய வீட்டு முயலுக்கு, பாலிஷ் போட்ட மரத்துக்குள் ஏறக்குறைய அதே அளவைத்தான் கொடுக்கிறோம். பிரிட்டனில் உள்ள முயல் நலச் சங்கம் ஒரு ஜோடிக்குக் குறைந்தபட்சம் 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் என்கிறது. நம் கணக்கில் ஏறத்தாழ 65 சதுர அடி. டி.வி. ஸ்டாண்டு அதில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை.

இரண்டு தட்டு வைத்தால் இடம் இரட்டிக்காதா என்று கேட்பார்கள். இரட்டிக்காது. முயலுக்கு வேண்டியது தடையில்லாமல் நாலைந்து தாவல் ஓடும் நீளமும், பின்னங்காலில் முழுசாக எழுந்து நிற்கும் உயரமும். தட்டு வைத்தால் நீளம் கூடுவதில்லை, உயரம் பாதியாகிறது. ஓடாத முயலுக்கு எலும்பு மெலியும், உடல் பருக்கும், குடல் மந்தமாகும். 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, நியாயமான அளவு அசைய முடியாத கூண்டில் எந்த விலங்கையும் அடைத்து வைப்பதைக் குற்றமாகவே வைத்திருக்கிறது. அந்தப் பிரிவில் கம்பிக் கூண்டு, தேக்குக் கூண்டு என்ற வேறுபாடு கிடையாது.

அளவைவிடப் பெரிய குற்றச்சாட்டு வெப்பம். கோட்டாற்றுக்காரர்களுக்கு இதுதான் தலையாய விஷயம். அந்தப் படங்கள் எடுக்கப்பட்ட நாடுகளில் பிரச்சினை குளிர். முயலும் குளிர்ச்சியை விரும்பும் பிராணி. தமிழ்நாட்டில் மத்திய செம்மறியாட்டு ஆராய்ச்சி நிறுவனம் ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா இன முயல்களை வளர்க்கும் இடம் கொடைக்கானல் மேல்மலையில் உள்ள மன்னவனூர். நம் ஊரிலோ மார்ச் முதல் மே வரை பகல் வெப்பம் 33 டிகிரியை ஒட்டி நிற்கிறது. கடல் பக்கமென்பதால் காற்றில் ஈரமும் கூட. முயலுக்கு வியர்வையால் உடம்பைத் தணித்துக்கொள்ள வழியில்லை. காது வழியாகத்தான் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். சுற்றியுள்ள காற்றே சூடாக இருந்தால் அதுவும் நடக்காது. 30 டிகிரிக்கு மேல் ஏற ஏற அது தவிக்கத் தொடங்கும். பொந்துக்குள் வாழ்ந்த ஐரோப்பிய முயலின் வழிவந்த பிராணி என்பதால் இருட்டும் மறைவும் அதற்குப் பிடிக்கும், உண்மை. ஆனால் மண்ணுக்குள் இருக்கும் பொந்து குளிர்ச்சியானது. கான்கிரீட் கூரைக்குக் கீழே, சுவரோடு ஒட்டி நிற்கும் ப்ளைவுட் பெட்டி வெறும் மூடிய அறை.

பெட்டியின் முதுகைக் கவனியுங்கள். மரச்சாமானின் பின்பக்கத்தை எவரும் பார்ப்பதில்லை என்பதால் ஒரு பலகையை வைத்து அடித்துவிடுவார்கள். இரண்டு பக்கமும் மைக்கா ஒட்டிய பலகை. முன்பக்கத்தில் மட்டும் கம்பியோ கண்ணாடியோ. ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தால் காற்று உள்ளே வரும், ஊடுருவிப் போகாது. முயலின் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா அப்படியே தங்கும். ஹாலில் உட்கார்ந்திருப்பவர் மூக்கில் லேசாகப் படும்போதே, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மூச்சுவிடும் முயலுக்கு அது நெடுநேரமாக எரிந்துகொண்டிருக்கும். தும்மலும் மூக்கொழுகலும் அதன் பின்னாலேயே வரும்.

இதற்கு விடை தேட வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. அதன் மந்திரசாலையில் நின்றவர்களுக்குத் தெரியும். சுவரே மர அழிகளால் ஆனதுபோல் இருக்கும், வெளிச்சம் மட்டுப்பட்டு வரும், காற்று தடைபடாமல் வரும். மறைவும் வேண்டும், காற்றும் வேண்டும் என்ற இரண்டையும் இந்த மண்ணின் தச்சர்கள் அழி வைத்தே தீர்த்துவைத்தார்கள். முயல் வீட்டுக்கும் அதே முறைதான் சரி. எதிரெதிரான இரண்டு பக்கங்களாவது அழியாக இருக்க வேண்டும். சுவரிலிருந்து அரையடி தள்ளி நிற்க வேண்டும்.

பழைய பத்தாயத்தை முயல் வீடாக மாற்றலாம் என்ற யோசனையையும் சிலர் சொல்வதுண்டு. பலாவிலோ அயினியிலோ இழைத்த கனமான பலகை. பல்லுக்கும் சிதலுக்கும் எளிதில் மசியாது. அழகுக்கும் குறைவில்லை. ஆனால் எலியும் ஈரமும் புகாதபடி, நெல்லைக் காப்பதற்கென்று இறுக்கிச் செய்த பெட்டி அது. இரண்டு பக்கப் பலகையைக் கழற்றி அழி வைக்கத் துணிந்தால் ஒழிய வேண்டாம். பழைய பெயின்ட் இருந்தால் சுரண்டி எடுத்தாக வேண்டும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பூச்சை முயல் கடித்தால் ஈயம் வயிற்றுக்குள் போக வாய்ப்புண்டு.

கடிக்கும் என்பதில் சந்தேகமே வேண்டாம். முயலின் 28 பற்களும் சாகும்வரை வளர்பவை. தட்டையான பலகையில் அதற்குப் பல் பிடி கிடைக்காது, விளிம்பில் கிடைக்கும். ஆகவே கதவின் ஓரம், தட்டின் நுனி, நுழைவாயிலின் சட்டம் மூன்றும் முதலில் போகும். எம்.டி.எஃப். பலகையில் லேமினேட் ஒரு முனையில் பிய்ந்துவிட்டால் பிறகு நிற்காது; உள்ளே இருப்பது மரத்தூளும் பசையும். அதில் சிறுநீர் இறங்கினால் பலகை உப்பும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் மாவட்டத்தில் காய்வதற்கு அவகாசமும் குறைவு. எம்.டி.எஃப்., பார்ட்டிக்கிள் போர்டு இரண்டையும் இந்த வேலைக்கு நான் அடியோடு தள்ளுகிறேன். கட்டை மரமோ, விளிம்புகளில் அலுமினிய ஆங்கிள் அடித்த நல்ல ப்ளைவுட்டோதான் நிற்கும். கழிவறை மூலைக்கு எவர்சில்வர் தட்டு போடலாம். முயலின் சிறுநீரில் சுண்ணாம்புச்சத்து அதிகம், வெள்ளையாகப் படிந்துவிடும். வினிகர் ஊற்றித் தேய்த்தால் போகும். மரத்தில் படிந்ததைப் போக்குவது பெரும்பாடு.

தரை விஷயத்தில் பழைய கம்பிக் கூண்டும் தவறு, புதிய சாமானும் தவறு. நாய் பூனைக்கு உள்ளதுபோல் முயலின் பாதத்தில் மெத்தை கிடையாது, முடி மட்டுமே. கம்பியில் நின்றால் குதிகால் புண்ணாகும். மைக்கா, டைல்ஸ் மேல் நின்றால் கால் வழுக்கிப் பரப்பிக்கொள்ளும். டைல்ஸ் குளிர்ச்சி தரும் என்பதால் அதை விடவும் மனமில்லை. பாதி டைல்ஸ், பாதி பருத்தி விரிப்பு என்று வைப்பது நல்லது. எங்கே படுக்க வேண்டுமென்று முயலே முடிவு செய்துகொள்ளும்.

வடிவங்களில் மிக மோசமானது டி.வி. ஸ்டாண்டுதான். மேலே டி.வி.யின் சூடு, பக்கத்தில் ஸ்பீக்கர் சத்தம், பின்னால் அத்தனை ஒயரும். முயலுக்கு ஒயர் என்றால் கொள்ளை ஆசை. ஷோகேஸ் மாதிரி கண்ணாடி முகப்பு வைத்ததும் அதே வரிசையில்தான் வரும். டீப்பாய் உயரத்தில் அடிபடும். ஜன்னலோர இருக்கை மேற்குப் பார்த்த ஜன்னலில் இருந்தால் மாலை வெயில் நேராக இறங்கும். வடக்குப் பார்த்ததில் பரவாயில்லை. இந்த வடிவங்கள் எல்லாவற்றிலும் ஒரே விடுபடல். முயல் தின்பதில் பெரும்பங்கு புல்லாக இருக்க வேண்டும். நேப்பியர் புல்லையும் அகத்திக் கொப்பையும் வைக்க ஒரு கூடைக்கு இடமில்லாத வீட்டை, பார்ப்பவர் கண்ணை மட்டும் நினைத்து வரைந்திருக்கிறார்கள்.

எனக்குத் தேறியது ஒன்றுதான்: மாடிப்படிக்கு அடியில் உள்ள இடம். நம் வீடுகளில் பெரும்பாலும் பழைய பேப்பரும் செருப்பும் கிடக்கும் மூலை அது. மூன்றடி அகலமும் ஆறேழு அடி நீளமும் கிடைக்கும்; ஓரத்தில் எழுந்து நிற்கும் உயரமும் உண்டு; நேர் வெயில் விழாது. முன்னால் மர அழிக் கதவு வைத்து, ஹாலின் மற்ற மரச்சாமான் நிறத்திலேயே பாலிஷ் போட்டால் அழகுக்கு அழகும் ஆயிற்று. இன்வெர்ட்டர் பாட்டரியோ கேஸ் சிலிண்டரோ அங்கே இருந்தால் அவற்றை வேறிடத்துக்கு மாற்றிவிட்டுத்தான் முயல். இதுவும்கூடத் தனியாக 20 சதுர அடிதான். படுக்கை அறையாக மட்டுமே கணக்கு. கதவு திறந்தே இருக்க வேண்டும். ஹாலில் ஒரு பகுதி முயலுக்கென்று விடப்பட வேண்டும். விடியலிலும் அந்தியிலும்தான் முயல் துடிப்பாக இருக்கும் என்பதால், இரவு விளக்கணைத்ததும் அடைத்துவிட்டுக் காலை எட்டு மணிக்குத் திறந்தால் அது ஓடும் நேரத்தையெல்லாம் நாம் எடுத்துக்கொண்டவர்களாவோம்.

முயல் தனியாக வாழும் பிராணியும் அல்ல. துணை வேண்டும். ஆணும் பெண்ணும் சேர்ந்தால் ஒரு மாதத்தில் குட்டி. ஈன்ற உடனேயே மறுபடியும் சினை பிடிக்கும். அறுவைச் சிகிச்சை செய்யத் தெரிந்த மருத்துவரை முதலில் தேடிவிட்டு, பிறகு ஆசாரியிடம் போவதுதான் முறை.

என் முடிவு இது. முயலைப் பூட்டி வைக்கும் மரச்சாமான், எவ்வளவு அழகாக இருந்தாலும், கோட்டாற்று வெப்பத்துக்கும் முயலின் உடம்புக்கும் ஒவ்வாது. செய்யவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். காற்று ஊடுருவும் அழியும், கதவு திறந்த வாசலும், வெளியே ஓட இடமும் சேர்ந்திருந்தால் மட்டும் அந்த மரச்சாமான் முயல் வீடு என்ற பெயருக்குத் தகும். ஆசாரியிடம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு சாக்பீஸ் எடுத்து உங்கள் ஹால் தரையில் பத்தடிக்கு ஆறரை அடி கோடு போட்டுப் பாருங்கள். அந்த இடத்தை எட்டுப் பத்து ஆண்டுகளுக்கு விட்டுக்கொடுக்க வீட்டில் எல்லோரும் சம்மதித்தால் முயல் வாங்குங்கள். இல்லையென்றால் தயவுசெய்து வாங்காதீர்கள்.